சேற்றுத்துறையில் ஊன்றிய கழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்வகுமாரியின் வீட்டுக்கு இனி ஆற்றில் முறை கிடையாது என்று பதினேழு பேர் கை தூக்கினோம். அதில் ஒரு கை என்னுடையது. குழந்தைவேல் நல்லவன், அவன் மட்டும் தூக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூக்கினேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் தெரியவேண்டுமே என்று நன்றாக உயர்த்தியே தூக்கினேன்.

எங்கள் குப்பம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், பெண்ணையாறு கடலுக்குப் போகும் வழியில் வடகரையில் இருக்கிறது. போட் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் வேறு ஆட்கள். நாங்கள் ஆற்றிலேயே இறால் பிடிக்கிறவர்கள். கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும், பிறகு திரும்பி இறங்கும். இறங்குவதை வத்தம் என்போம். ஆற்றின் குறுக்கே இரண்டு கழி ஊன்றி, நடுவில் வலையைக் கட்டி, பின்னால் பை மாதிரி மடியை நீளமாக விட்டுவிட்டால், வத்தத்தோடு கடலுக்குப் போகிற இறால் மடியில் வந்து அடைந்துகொள்ளும். கழி நின்றால் பிழைப்பு உண்டு. கழி சாய்ந்தால் வலையும் போச்சு, வத்தமும் போச்சு.

வலை கட்டத் தோதான துறை ஐந்துதான். வீடு பதினெட்டு. அதனால் தை மாதம் சீட்டுப் போட்டு வரிசை எடுத்து, வீட்டுக்கு வீடு முறை மாற்றிக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு மாதத்தில் எட்டு நாள் வரும். பதினெட்டில் ஒரு வீடு குறைந்தால் மற்றவர்களுக்கு மாதத்தில் அரை நாள் கூடும். ஆம்பிளை இல்லாத வீடு, வாரிசு இல்லாத வீடு, சம்பிரதாயம் என்றெல்லாம் அன்றைக்கு நிறையப் பேசினோம். எல்லாம் வெறும் பேச்சு. அந்த அரை நாளுக்காகத்தான் கை தூக்கினோம்.

செல்வகுமாரி எங்கள் குப்பத்துப் பெண் அல்ல. உறுவையாறு கிராமத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். என் சித்தப்பா மகன் மணிபாரதி, வில்லியனூர் தேர்த் திருவிழாவுக்குப் போனவன், திரும்பி வரும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு பக்கமும் சண்டை. அவள் வீட்டார் வந்து வாசலில் நின்று கத்தியபோது, அவள் உள்ளே ஒளியவில்லை. வெளியே வந்து, "கத்தி முடிச்சிட்டீங்களா? தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொம்பை நீட்டினாள். அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்கவேண்டும்.

ஆற்றைப் பார்த்தே பழகாதவள், ஆறு மாதத்தில் எங்கள் பெண்களோடு இறால் தடவப் பழகிக்கொண்டாள். வலை இல்லாமல் பிடிக்கும் பிடிப்பு அது. தண்ணீர் வற்றிய நேரம் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகரவேண்டும். கையில் அகப்படும் இறாலைப் பறி என்னும் சின்ன ஓலைக்கூடையில் போடவேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். பதினாறு வருஷம் பறியைக் கடித்துக்கொண்டே பேசிப் பழகியதில், கரையில் இருக்கும்போதும் அவளுக்குப் பேச்சு பல்லிடுக்கில்தான் வரும். உதடு அசையாது. கோபமா சாதாரணமா என்று கண்டுபிடிக்க முடியாது.

மணிபாரதி ஆவணியில் மஞ்சள் காமாலையில் செத்தான். ஒரே மகள், பாகூரில் பத்தாவது படிக்கிறாள். ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வலைக்கூடத்தில் கூட்டம் போட்டோம். குப்பத்துத் தலைவர் ஆதிமூலம் பேச்சை ஆரம்பித்தார். அவர் பேசினால் தேன் ஒழுகும்.

"கழி ஊன்றதுக்கு ஆளில்லாத வூட்டுக்கு முறை இல்லன்றது நம்ம வழக்கம். நானா சொல்லல. பாவம் அந்தப் பொண்ணு, அத ஆத்துல எறங்கிக் கஷ்டப்படுன்னு நாம எப்பிடிச் சொல்றது?"

பதினாறு வருஷமாக அவள் ஆற்றில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை. கை தூக்கச் சொன்னார், தூக்கினோம். பள்ளிக்கூடத்தில் பதினோராவது வரை போனவன் என்பதால் கூட்டத்து நோட்டு என்னிடம்தான் இருக்கும். தீர்மானத்தை எழுதியவனும் நான்தான். மணிபாரதி வீடு நீக்கம் என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன்.

செல்வகுமாரி கூடத்துத் தூணருகே நின்றிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தோம். அழுதால் சமாதானம் சொல்வதற்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தோம்.

"கை எறக்கிட்டீங்களா?" என்றாள். "செரி. மணிபாரதி வூடு போச்சு. நான் புது வூடு. என்னைச் சேத்துக்கோங்க."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள்.

"மாமா, புது வூடு சேர்றதுக்கு இன்னா வழின்னு அந்த நோட்டுல எழுதி வெச்சிருக்கீங்க இல்ல, அதப் படிங்க."

எழுதித்தான் வைத்திருந்தேன். சிங்காரவேலு தமிழ்நாட்டுப் பக்கத்துக் கரையிலிருந்து இங்கே குடிவந்தபோது எழுதியது; அப்போது ஐந்தாவது துறை காலியாகக் கிடந்தது. வேறு வழியில்லாமல் படித்தேன். புதிதாகச் சேரும் வீடு, காலியாகக் கிடக்கும் துறையில் கழி ஊன்றவேண்டும். ஒரு பௌர்ணமி வத்தம் முழுக்க, ஆள் கை படாமல், வலையோடு அந்தக் கழி நிற்கவேண்டும். நின்றால் முதல் மடியில் விழுந்த இறாலில் வீட்டுக்கு ஒரு கை அள்ளிக் கொடுக்கவேண்டும். கை நீட்டி வாங்கியவன் அந்த வீட்டை ஒப்புக்கொண்டவன். பிறகு பேச்சு மாறக்கூடாது.

"பொம்பள ஊனக்கூடாதுன்னு அதுல போட்டிருக்குதா?"

"போடல" என்றேன். போட்டிருந்தால் நன்றாக இருக்குமே என்று அந்த நிமிஷம் நினைத்தேன். அதையும் மறைக்கப்போவதில்லை.

ஆதிமூலம் சிரித்தார். "ஊனும்மா. தாராளமா ஊனு. காலித் துறை ஒண்ணுதான் இருக்குது. சேத்துத்துறை."

கூடம் முழுக்கச் சிரித்தது. ஆற்றில் ஆறாவதாக ஒரு துறை உண்டு. இறால் ஓட்டம் அங்கேதான் அதிகம். ஆனால் கழி நிற்காது. என் காலத்திலேயே மூன்று பேர் படகில் நின்று ஊன்றிப் பார்த்தார்கள். ஊன்றும்போது நன்றாகத்தான் இறங்கும். ஓரிடத்தில் இடித்து நிற்கும். அடி கிடைத்துவிட்டது என்று வலையைக் கட்டினால், வத்தம் வேகம் எடுத்ததும் கழி படுத்துவிடும். அது அடியில்லாத சேறு என்று முடிவுகட்டி எல்லாரும் விட்டுவிட்டோம்.

"கார்த்திகைப் பௌர்ணமிக்கு எல்லாரும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் ஜெயா எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றவில்லை.

"கொழம்பு?"

"மாசத்துல அரை நாளு கூட வருதில்ல, அப்போ புடிச்சாந்து வெச்சிக்கோ."

ஜெயா என் மனைவி. இருபத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் நான் ஜெயித்ததில்லை. வெறும் சோற்றை மோர் விட்டுத் தின்றுவிட்டு எழுந்தேன்.

பௌர்ணமிக்குப் பத்து நாள் இருக்கும்போது வீட்டில் கடப்பாரையைக் காணவில்லை. தேடிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனால், சேற்றுத்துறையில் இரண்டு தலை தெரிகிறது. ஒன்று செல்வகுமாரி. இன்னொன்று என் வீட்டுக்காரி. இரண்டு பேருக்கும் நடுவில் தண்ணீருக்கு மேல் ஏறி இறங்குவது என் கடப்பாரை. கரையில் நின்றிருந்த ஆதிமூலம் என்னைக் கண்டதும், "இன்னா கொழந்த, உன் கட்சி ஆத்துல எறங்கிடுச்சி போல" என்றார். எனக்கு மூக்கு அறுந்தது மாதிரி ஆகிவிட்டது.

"ஏ ஜெயா, மேல வாடி."

"நீ கையத் தூக்கின, நான் கடப்பாரையத் தூக்கறேன். வூட்டுக்கு ரெண்டு ஓட்டுய்யா. போய் உலை வை."

ஆதிமூலம் விடவில்லை. "ரெண்டு வூட்டாளுங்க சேந்து ஊன்னா செல்லாதும்மா" என்று கரையிலிருந்தே குரல் கொடுத்தார்.

செல்வகுமாரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க வூட்டுக் கழிய நீங்க ஒருத்தரே ஊனுனீங்களா தலைவரே? உங்க மச்சான்மாரு நாலு பேரு வந்தாங்க, நான்தான் டீ போட்டுக் குடுத்தேன்."

ஆதிமூலம் போய்விட்டார். நான் போகவில்லை. என் கடப்பாரை அங்கே இருக்கும்போது நான் எப்படிப் போவது? அப்படிச் சொல்லிக்கொண்டுதான் மூன்று நாள் அங்கேயே நின்று பார்த்தேன்.

பார்த்தபோதுதான் எங்கள் முட்டாள்தனம் விளங்கியது. நாங்கள் பரம்பரை பரம்பரையாக ஆற்றைப் படகிலிருந்து பார்த்தவர்கள். கழி முனை போய் எதில் இடித்ததோ அதுவே அடி என்று நினைத்தவர்கள். எங்கள் வீட்டுப் பெண்களோ அந்த அடியில்தான் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒருநாளும் நாங்கள் கேட்கவில்லை. அந்த இடம் அடியில்லாத சேறே இல்லை. முழங்கை ஆழச் சேற்றுக்குக் கீழே கிளிஞ்சல் படிந்து, ஒரு சாண் கனத்துக்குப் பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. எங்கள் சவுக்குக் கழியெல்லாம் அந்தப் பலகைமேல் போய் நின்றிருக்கிறது, உள்ளே இறங்கவே இல்லை. மேலே இருக்கும் குழைசேறு எதைப் பிடித்து நிறுத்தும்? பலகைக்குக் கீழே களிமண். அதில் இறங்கினால் யானை இழுத்தாலும் வராது.

ஜெயா கடப்பாரையைத் தூக்கித் தூக்கிக் குத்துவாள். செல்வகுமாரி மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுகி, உடைந்த கிளிஞ்சலைக் கையால் அள்ளி வெளியே எடுப்பாள். ஓட்டை ஒரு கழி நுழையும் அளவுக்கு மேல் பெரிதாகிவிடாமல் பார்த்துக்கொண்டாள். முதல் நாளே அவள் விரல் பத்தும் கிழிந்துவிட்டது. மறுநாள் மகளின் பழைய ஸ்கூல் சாக்ஸைக் கைக்கு மாட்டிக்கொண்டு வந்தாள். "சேத்தப் பத்தி இவங்க எனக்குச் சொல்றாங்க. நான் நடந்து பழகினதே சேத்துலதாங்க்கா" என்று ஜெயாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

நான்காம் நாள் கழி இறங்கியது. ஓட்டை வழியாக நுழைத்து, இரண்டு பேரும் தொங்கி ஆட்டி ஆட்டிக் களிமண்ணுக்குள் ஓர் ஆள் உயரம் இறக்கினார்கள். பிறகு உடைத்தெடுத்த கிளிஞ்சலையே கழியைச் சுற்றிப் போட்டுக் காலால் மிதித்து இறுக்கினார்கள். இரண்டாவது கழிக்கு இன்னும் நான்கு நாள் ஆனது.

பௌர்ணமியன்று காலை எட்டு மணிக்கே குப்பம் முழுக்கக் கரையில் இருந்தது. தண்ணீர் நிறைய ஏறி நின்றது. கழி இரண்டும் முழங்கை நீளம்தான் வெளியே தெரிந்தன. செல்வகுமாரி மணிபாரதியின் வலையைக் கட்டிவிட்டுக் கரையேறி, புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தாள். ஒன்பதரைக்குத் தண்ணீர் திரும்பியது.

பதினொரு மணி வரை ஒன்றுமில்லை. அதற்கப்புறம் வத்தம் வேகம் எடுத்தது. மேற்கே மழை பெய்திருந்ததால் ஆற்றுத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. வலை வயிறு மாதிரி உப்பியது. கழிகள் கிழக்கே வளைந்தன. எங்கள் துறையில் ஒருத்தர் கழி அப்படி வளைந்திருந்தால் ஓடிப்போய்ப் பிடித்திருப்போம். அன்றைக்கு எல்லாரும் எண்ணிக்கொண்டு நின்றோம், எப்போது சாயும் என்று.

அப்போதுதான் ஆகாயத்தாமரை வந்தது. ஒரு கட்டில் அகலத்துக்குப் பச்சைத் திட்டு, நேராக வந்து வடக்குக் கழியில் மோதி, வலையில் மாட்டிக்கொண்டது. கழி இன்னும் ஒரு பங்கு வளைந்தது. கரையில் யாரோ, "போச்சுடா" என்றான். அவன் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன், ஏனென்றால் எனக்கும் அதே மாதிரி ஒரு கணம் இருந்தது.

செல்வகுமாரி எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த கதிர் அரிவாளை உருவிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

"கழியத் தொட்டா செல்லாது" என்று ஆதிமூலம் கத்தினார்.

"தெரியும்."

வத்தம் அவளை இழுத்தது. பிடித்துக்கொள்ளக் கைக்கெட்டும் தூரத்தில் கழி இருந்தது. அவள் பிடிக்கவில்லை. மேலே தலையும் அரிவாளும் மட்டும்தான் தெரிந்தன. கால் எதில் நின்றது என்று எங்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கிளிஞ்சல் பலகையில் குதிகாலை ஊன்றிக்கொண்டு, நெல் அறுப்பது போலப் பிடி பிடியாக அறுத்துத் தள்ளினாள். இரண்டு முறை தண்ணீருக்குள் போய் எழுந்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. கரையில் பதினேழு ஆம்பிளைகள் நின்றோம். ஆகாயத்தாமரையை அறுக்க வேறு ஆள் வரக்கூடாது என்று எந்த நோட்டிலும் இல்லை. நான் இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. ஜெயாதான், அவள் இழுபட்டால் வீசுவதற்குக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கடைசிப் பிடி அறுந்து திட்டு விலகியதும் கழி ஒரு சாண் நிமிர்ந்தது. அவள் கழுத்தில் கொடி சுற்றியபடியே கரையேறி, பழைய இடத்தில் வந்து உட்கார்ந்து, மறுபடி தலைப்பைப் பிழிந்தாள்.

இரண்டரை மணிக்கு வத்தம் நின்றது. ஆதிமூலம் படகில் போய்க் கழியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கழி ஆடவில்லை. படகுதான் ஆடியது. தெற்குக் கழிக்குப் போய் அதையும் ஆட்டினார். கரையில் இருந்த பெண்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது எல்லாப் பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செல்வகுமாரியும் மகளும் மடியை இழுத்து வந்து கரையில் அவிழ்த்தார்கள். அத்தனையும் வெள்ளை இறால். உயிரோடு துள்ளிக்கொண்டு கிடந்தது. அவ்வளவு இறாலை ஒரே மடியில் நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவராக நைசாகப் பின்னால் நகர ஆரம்பித்தோம்.

"எங்க போறீங்க? கைப்பங்கு இருக்குதில்ல" என்றாள் செல்வகுமாரி. "வாங்கிட்டுப் போங்க. வாங்க மனசில்லன்னா, ஏன் வாங்கலன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லிட்டுப் போங்க."

எவன் சொல்வான்? நின்றோம். அவள் முதலில் என்னிடம் வந்தாள். இரண்டு கையிலும் இறால்.

"மாமா, அன்னிக்கு எந்தக் கையத் தூக்குனீங்க?"

"சோத்துக் கை."

"அத நீட்டுங்க."

நீட்டினேன். கூட்டத்தில் உயர்த்திக் காட்டிய அதே கை, அவள் முன்னால் பிச்சை வாங்குகிற மாதிரி விரிந்து நின்றது. இறாலை வைத்து என் விரல்களைத் தன் கையாலேயே மடக்கி மூடினாள். அவள் விரல்களில் கிளிஞ்சல் கிழித்த காயம் ஒன்றும் ஆறியிருக்கவில்லை. இறால்கள் உள்ளே துள்ளின. தலைமுள் உள்ளங்கையில் ஏறியது. வலித்தது. விடவில்லை.

அப்படியே வரிசையாகப் போனாள். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி, அதே குரல். ஒவ்வொருவனும் அதே கையை நீட்டினான். சிங்காரவேலு வெட்கத்தில் இடக்கையை நீட்டப் பார்த்தான். "அது தூக்கல" என்றாள். மாற்றி நீட்டினான்.

கடைசியில் ஆதிமூலம். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என் பங்க வூட்டுக்கு அனுப்பி வைம்மா."

"வூட்டுல யாரும் கை தூக்கல தலைவரே. நீங்கதான் தூக்குனீங்க."

குப்பம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் இறாலை ஏந்தியபடி அசையாமல் நின்றாள். ஆற்றில் தண்ணீர் மறுபடி ஏற ஆரம்பிக்கும் வரைகூட நின்றிருப்பாள், எனக்குத் தெரியும். ஆதிமூலம் கையை முன்னால் கொண்டுவந்து நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "நோட்ட எடுங்க மாமா. செல்வகுமாரி வூடுன்னு எழுதுங்க. அதே கையால."

இறாலை ஜெயாவிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. வேட்டியில் முடிந்துகொண்டு, கூட்டத்துத் தீர்மானத்துக்குக் கீழே நான் போட்டிருந்த கோட்டுக்கும் கீழே எழுதினேன். உள்ளங்கை முள்குத்தில் ரத்தம் கசிந்து, எழுத்து கோணலாக விழுந்தது. செல்வகுமாரி பக்கத்திலேயே நின்று கடைசி எழுத்து வரை பார்த்துவிட்டு, வலையை அலசப் போனாள்.